கழற்றாத சென்ட்ரிங்

காங்கிரீட் இறுகியதும் முட்டைத் தட்டி, பலகையைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, அடுத்த சைட்டுக்கு வண்டியேற்றுவதுதான் சென்ட்ரிங் வேலையின் வழக்கம். கனடாவில் கட்டட ஒப்பந்ததாரராக இருந்த வெர்னர் கிரெகோரி 1966இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது, கழற்றவே வேண்டாத சென்ட்ரிங்குக்கு. 48 அங்குல நீளம், 16 அங்குல உயரத்தில் தெர்மாகோல் கட்டிகள். நாக்கும் பள்ளமுமாக ஒன்றோடொன்று பொருந்தும். ஒவ்வொரு கட்டியின் இரு பக்கத் தகடுகளையும் உலோக இணைப்புகள் பிடித்திருக்கும். நடுவே கம்பி கட்டிக் காங்கிரீட்டை ஊற்றினால் வேலை முடிந்தது. அச்சு அங்கேயே நின்று, குளிரையும் வெயிலையும் தடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும்.

இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐ.சி.எஃப். என்ற பெயரில் விற்பது இதன் வாரிசு. உலோகத்துக்குப் பதில் பாலிப்ரொப்பிலீன் இணைப்புகள் வந்துவிட்டன. இரு பக்கமும் சுமார் இரண்டரை அங்குலத் தெர்மாகோல், நடுவில் 6 அல்லது 8 அங்குலக் காங்கிரீட். உள்ளே ஜிப்சம் பலகையும் வெளியே செங்கல் முகப்போ பூச்சோ சேர்ந்தால் சுவர் ஓர் அடியை எட்டும், தாண்டவும் செய்யும். மரச்சட்ட வீடுகளே இயல்பாக இருக்கும் அந்த நாடுகளில் இதை 'ஆற்றல் சேமிக்கும் வீடு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நல்ல சுவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விற்பதற்குச் சொல்லும் முதல் காரணம் அதன் முதல் தகுதி அல்ல.

ஒரு சுவர் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை அங்கே 'ஆர்' மதிப்பால் அளக்கிறார்கள். எண் கூடினால் தடை கூடும். தெர்மாகோல் அங்குலத்துக்குச் சுமார் 4 தரும். ஐந்து அங்குலத்துக்கும் சேர்த்து, மற்ற அடுக்குகளையும் கூட்டினால் ஐ.சி.எஃப். சுவருக்கு 22 முதல் 24 வரை வரும். நடுவில் இருக்கும் காங்கிரீட்டின் பங்கு அதில் 1கூட இல்லை. மரச்சட்டச் சுவரில், சட்டங்களுக்கு நடுவே 20 மதிப்புள்ள கண்ணாடி நார்ப் பஞ்சை அடைக்கிறார்கள். சட்டங்கள் வழியே வெப்பம் கசிவதால் மொத்தச் சுவருக்குக் கிடைப்பது 16 அல்லது 17. ஆக, 23க்கு எதிராக 16. வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் விற்பனைச் சிற்றேடுகளில் அடிபட்டுவந்த '50க்கு நிகர்' என்ற பேச்சுக்கும் இதற்கும் வெகுதூரம்.

வீடு என்றால் சுவர் மட்டுமா? வெளிச்சுவர்ப் பரப்பில் 15 சதவீதம் ஜன்னல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் ஆர் மதிப்பு சுமார் 3. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஐ.சி.எஃப். வீட்டில் சுவர் வழியே 37 பங்கு வெப்பம் வெளியேறும்போது அந்தச் சிறிய ஜன்னல் பரப்பு வழியே 50 பங்கு போகிறது. மொத்தம் 87. மரச்சட்ட வீட்டில் சுவருக்கு 53, ஜன்னலுக்கு 50, மொத்தம் 103. இப்போது மரவீட்டின் ஜன்னலை மட்டும் மாற்றி, 5 மதிப்புள்ள மூன்று கண்ணாடி ஜன்னலைப் பொருத்துங்கள். மொத்தம் 83 ஆகிவிடும். நல்ல ஜன்னல் போட்ட மரவீடு, சாதாரண ஜன்னல் போட்ட ஐ.சி.எஃப். வீட்டை மயிரிழையில் முந்திவிடுகிறது. கூரை, தரை, காற்றுக் கசிவு எதையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. சுவருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு ஜன்னலில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கள ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துச் செஸ்டர்டவுனில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவு, ஒரே வரைபடத்தில் மூன்று வீடுகளைக் கட்டி அளந்தார்கள். இரண்டு ஐ.சி.எஃப்., ஒன்று மரம். 1999இல் வெளியான அந்த ஆய்வில் ஐ.சி.எஃப். வீடுகளுக்குச் சுமார் 20 சதவீத ஆற்றல் மிச்சமானது. சுவரின் ஆர் மதிப்பு கூடியிருந்ததும், தரைத்தளத்தின் ஓரம்வரை தெர்மாகோல் அறுபடாமல் தொடர்ந்ததுமே முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 20 சதவீதம் சின்ன விஷயமில்லை. ஆனால் அதைச் சம்பாதித்தது தெர்மாகோல். மரச்சட்டத்துக்கு வெளியே இரண்டங்குலப் பலகையாக அதே தெர்மாகோலைத் தொடர்ந்து அடித்தாலும் அந்த மிச்சத்தின் பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம்.

காங்கிரீட்டின் கனம் வெப்பத்தைச் சேர்த்துவைத்து மெதுவாக விடும், அதனால் வீடு சீராக இருக்கும் என்றும் சொல்கிறார்கள். பாதி உண்மை. பகலில் வெளிவெப்பம் வீட்டின் வெப்பத்தைவிட ஏறி, இரவில் அதைவிட இறங்கும் ஊர்களில், அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற பாலைப் பகுதிகளில், கனமான சுவர் பெரிய உதவி. டொரொன்டோவின் ஜனவரியில் இரவும் பகலும் வெளியே உறைகுளிர்தான். வெப்பம் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கனம் என்ன செய்யும்? இன்னொரு சிக்கல் சுவரின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் பலவகைக் கனச்சுவர்களை ஒப்பிட்டபோது, காங்கிரீட் அறையின் காற்றைத் தொடும்படி உட்புறம் இருந்து, வெப்பக் காப்பு அதற்கு வெளியே இருக்கும் சுவர்களே அதிகப் பலன் தந்தன. ஐ.சி.எஃப். சுவரில் காங்கிரீட்டுக்கும் அறைக்கும் நடுவே இரண்டரை அங்குலத் தெர்மாகோல் குறுக்கே நிற்கிறது. கனத்தை விலைக்கு வாங்கி, அதைத் தொட முடியாத இடத்தில் பூட்டிவைத்த கதை.

பிறகு இதன் உண்மையான தகுதி எது? என் கணிப்பில், ஏமாற்ற முடியாத காப்பு. மரச்சட்ட வீட்டில் பஞ்சை அடைக்கிறவர் அவசரத்தில் இருப்பார். மின்கம்பிக்குப் பின்னால் பஞ்சு போகாது, ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றி நசுங்கிக் கிடக்கும், மேல் மூலையில் கையகல இடைவெளி விட்டுப்போகும். ஜிப்சம் பலகையை அடித்த பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்? காகிதத்தில் 20, சுவரில் 14. ஐ.சி.எஃப்.இல் இந்தப் பித்தலாட்டத்துக்கு வழியே இல்லை. தெர்மாகோல் இல்லாத இடத்தில் காங்கிரீட் நிற்காது, கொட்டிவிடும். காற்றுக் கசிவும் அப்படியே. மரச்சட்டத்தில் நூறு மூட்டுகளை டேப் ஒட்டி அடைக்க வேண்டியிருக்க, இங்கே ஒரே வார்ப்பான சுவர். கசிவதெல்லாம் ஜன்னல் ஓரத்திலும் கூரை வந்து உட்காரும் இடத்திலும்தான்.

ஆனால் காப்பில் கிடைத்த இந்த நேர்மைக்குக் காங்கிரீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. காங்கிரீட் ஊற்றும் நாளன்று சைட்டில் நின்றால் இது புரியும். பச்சைக் காங்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. ஒன்பதடிச் சுவரை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு ஆறரை டன் அழுத்தம் வரும். அதைத் தாங்கும் தெம்பு தெர்மாகோலுக்கு இல்லை. ஆகவே பம்ப் குழாயைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று, நாலடி உயரம் மட்டும். அடுத்த சுற்று வருவதற்குள் கீழே இருப்பது கொஞ்சம் இறுகியிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் மூலையிலோ ஜன்னலுக்குக் கீழேயோ ஒரு தகடு பிளந்துகொள்வது உண்டு. பம்பை நிறுத்து என்று ஒருவர் கத்துவார். முன்கூட்டியே அறுத்துவைத்த பிளைவுட் துண்டை இருவர் எடுத்து ஓடுவார்கள். அழுத்திப் பிடித்து, ஸ்குரூ ஏற்றி, முட்டுக்கொடுத்து, கொட்டியதை மண்வெட்டியால் அள்ளுவார்கள்.

பிளந்துவிடுமோ என்ற அந்தப் பயம்தான் ஆபத்து. வைப்ரேட்டரை அதிகம் விட்டால் அழுத்தம் கூடும் என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். ஜல்லி கம்பியில் மாட்டி, அடியில் காங்கிரீட் இறங்காமல் பொந்து விழுகிறது. சாதாரண சென்ட்ரிங் என்றால் பலகை கழன்றதும் அந்தத் தேன்கூடு கண்ணில் படும். மேஸ்திரி திட்டு வாங்குவார், அன்றே சரிசெய்துவிடுவார்கள். இங்கே பலகை கழலவே போவதில்லை. ஜன்னலின் அடிச்சட்டத்தைத் திறந்தபடி விட்டு, அதன் வழியே பார்த்துப் பார்த்து நிரப்பும் குழுக்கள் இருக்கின்றன. அப்படிச் செய்யாத குழுக்களும் இருக்கின்றன. இரண்டும் முடித்த சுவர் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். ஐ.சி.எஃப். வீடு கட்ட விரும்புகிறவர் எந்த நிறுவனத்தின் கட்டி என்று விசாரிப்பதில் செலவிடும் நேரத்தை, ஊற்றப்போகிற குழு இதற்குமுன் எத்தனை வீடு ஊற்றியிருக்கிறது என்று விசாரிப்பதில் செலவிடலாம்.

ஒழுங்காக ஊற்றிய சுவரின் பலத்தைப் பற்றி இரண்டு பேச்சு இல்லை. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில் சூறாவளியில் பறக்கும் மரத்துண்டுகளைப்போல 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் சுவர்கள்மேல் எய்து பார்த்தார்கள். மரச்சட்டச் சுவர்களைத் துளைத்த அது, காங்கிரீட்டில் மோதி நின்றது. தீயைத் தாங்குவதிலும் தெரு இரைச்சலை அடக்குவதிலும் மரவீடு பக்கத்தில் வர முடியாது. ஓக்லஹோமாவிலோ ஃபுளோரிடா கடற்கரையிலோ குடியிருக்கிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆனால் மேலே பெரும்பாலும் அதே மரக்கூரைதான் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகளில் கஞ்சத்தனம் செய்தால், காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போகும், சுவர் மட்டும் நிற்கும்.

ஐ.சி.எஃப். சுவரால் வீட்டின் மொத்த விலை 3 முதல் 5 சதவீதம் கூடும் என்பது இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பழகிய குழு பக்கத்தில் இல்லாத ஊரில் அது கூடும். காற்று புகாத வீட்டுக்குக் காற்றோட்டக் கருவி தனியாக வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கு வெளியேறும் காற்றின் வெப்பத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் அந்தக் கருவி இல்லாவிட்டால், சமையல் ஆவியும் புதுக் காங்கிரீட்டின் ஈரமும் உள்ளேயே தங்கும். பழைய பழக்கத்தில் பெரிய சூடாக்கியை வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. அது நொடிக்கொரு தரம் ஓடி நிற்கும், சேமிப்பில் ஒரு பகுதியை அதுவே தின்னும்.

காங்கிரீட்டின் கார்பன் கணக்கையும் பார்க்க வேண்டும். 200 சதுர மீட்டர் சுவர், 6 அங்குலக் காங்கிரீட் என்றால் 30 கன மீட்டர். கன மீட்டருக்குச் சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால் கம்பியைச் சேர்க்காமலே 9 டன். எரிவாயுவில் சூடாக்கும் வீட்டில் இந்தக் கடன் காலப்போக்கில் அடையலாம். கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் ஏறக்குறைய முழுக்க நீர்மின்சாரம், பெரும்பாலான வீடுகளையும் அதில்தான் சூடாக்குகிறார்கள். அங்கே மின்சாரத்தை மிச்சம் பிடித்தாலும் குறையும் கார்பன் அற்பம். அந்த 9 டன் கடனாகவே நிற்கும்.

பேஸ்மென்ட்டுக்கு இந்தக் குறை பொருந்தாது. கனடாவில் நிலத்துக்குக் கீழே எப்படியும் காங்கிரீட் சுவர்தான். அச்சும் காப்பும் ஒரே வேலையில் முடிகிறது, கூடுதல் காங்கிரீட் கிடையாது. டொரொன்டோப் பகுதியில் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வீடு வாங்கிய நம்மவர்களுக்குப் பேஸ்மென்ட் என்பது வாடகைக் காசு, அல்லது ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவின் அறை. குளிர் ஊறாத சுவரின் அருமை அங்கே இரட்டிப்பு. வெளிப்புறத்தில் ஈரத்தடுப்புப் பூசும்போது மட்டும் கவனம் வேண்டும். கரைப்பான் கலந்த தார் தெர்மாகோலைக் கரைத்துவிடும், ஒட்டும் சவ்வுதான் சரி. அமெரிக்காவின் தென்கோடியில் கதை வேறு. தெர்மாகோலுக்குள் கறையான் கண்ணில் படாமல் சுரங்கம் போடும். ஆகவே கறையான் மிகுந்த பகுதிகளில் அதை மண்ணுக்குக் கீழே புதைக்க அந்நாட்டு வீட்டுக்கட்டட விதிகள் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

நம் ஊருக்கு இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. டொரொன்டோவின் கடுங்குளிரில் வெளியே மைனஸ் 20, உள்ளே 21. வித்தியாசம் 41 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் வெளியே 38, ஏசி அறையில் 26. வித்தியாசம் 12. அந்த வெப்பத்திலும் பெரும்பங்கு வெயில் நேராக விழும் மொட்டைமாடி வழியாகவும், நிழலில்லாத ஜன்னல் வழியாகவும் வருகிறது. ஓர் அடிச் சுவருக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியைத் தளத்தின் மேல் காப்புக்கும் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடுக்கும் செய்தாலே வீடு குளிர்ந்துவிடும். கறையான் பிரச்சினையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்பனைப் பேச்சில் வராத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. வீடுகள் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை வளர்ந்ததும் ஓர் அறையைப் பின்பக்கம் நீட்டுவோம், பக்கச் சுவரில் தனி வாசல் வைப்போம். மரவீட்டில் ஒரு தச்சர் இரண்டு நாளில் திறப்பு வெட்டி மேலே உத்திரம் கொடுத்துவிடுவார். ஐ.சி.எஃப். சுவரில் பொறியாளர் வந்து கம்பி ஓட்டத்தைப் பார்த்து வரைபடம் தர வேண்டும். பிறகு தண்ணீர் பாய்ச்சும் வைரப்பல் ரம்பம் வர வேண்டும். ஆளுயரத் திறப்பை வெட்டினால் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள துண்டு வெளியே வரும். அதன் இரு முகத்திலும் தெர்மாகோல் ஒட்டியிருக்கும். காங்கிரீட்டை மட்டும் ஜல்லியாக உடைத்து வாங்கிக்கொள்ளும் இடங்கள் அதை அப்படியே எடுப்பதில்லை, முதலில் தெர்மாகோலைச் சுரண்டியாக வேண்டும். ஆகவே வரைபடம் மேசையில் இருக்கும்போதே, பின்னால் வரக்கூடும் என்று தோன்றும் வாசல்களுக்கு இடம் குறித்துவிட்டு, அங்கே கம்பியை மாற்றிக் கட்டச் சொல்வது மலிவு.