அரைப்புள்ளியும் திருமறை வாசிப்பும்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை உள்ளது. அங்குப் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழ், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக்களை இன்றும் காணலாம். அவற்றில் நிறுத்தக்குறி ஏதுமில்லை. இன்னார் செய்வித்த திருமேனி இது என்னும் செய்தியைப் பெயரெச்சமே பிணைத்து நிற்கின்றது. பவுலடியாரின் நிருபங்கள் அடங்கிய பழைய கிரேக்கப் படிகளிலும் குறிகள் அரிதே. சொற்களுக்கிடையே இடைவெளிகூட இல்லை.

ஆகவே நம் திருமறையிலுள்ள குறிகள் பிற்காலத்தார் தந்த விளக்கங்களாம். உரோமர் 9:5-இல் கிறிஸ்துவைப் பற்றிய தொடருக்குப்பின் 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் கால்புள்ளி இட்டது. 1946-இல் வெளிவந்த திருத்திய திருப்புதல் முற்றுப்புள்ளி இட்டது. முன்னதில் கிறிஸ்துவே கடவுள் எனப்படுகிறார். பின்னதில் அத்தொடர் கடவுளுக்குரிய தனித் துதியாகிவிடுகின்றது. குறியைச் சிறிதென்று தள்ளுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அரைப்புள்ளி 1490-களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பாரின் அச்சகத்தில் பிறந்தது. (கிரேக்கத்தில் இதே வடிவம் வினாக்குறி, முதலாண்டு மாணவர் இங்கு இடறுவது இயல்பே.) தமிழ் உரைநடையில் இத்தகைய குறிகளைப் பரப்பிய பெருமையை ஆறுமுக நாவலருக்கு அளிப்பர். அவர் பெர்சிவல் ஐயரின் திருமறைத் திருப்புதலில் உழைத்தவர் என்பதை நம்மவர் மறத்தலாகாது.

ஆங்கிலத்தில் அரைப்புள்ளியின் இருபுறமும் தனித்து நிற்கவல்ல வாக்கியங்கள் இருத்தல் வேண்டும். அவை கருத்தால் நெருங்கியும் இருத்தல் வேண்டும். தமிழில் இதனை இன்னும் எளிதாய் அறியலாம்: முற்றை அடுத்து மற்றொரு முற்றுத்தொடர் வருமிடமே அதற்குரிய இடம். "ஆயர் வந்தார்; நோயாளி கண் விழித்தார்" என்பது பொருந்தும். "ஆயர் வந்து; ஜெபித்தார்" என்பது பொருந்தாது. வினையெச்சம் தானே இணைப்பாயிருக்க, அங்குக் குறி இட்டுப் பிரிப்பது பிழை. நம் பார்வைக்கு வரும் அருளுரைகளில் இப்பிழை மலிந்துள்ளது. ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் எழுதுவதே காரணம் என்று கருதுகிறோம். உரோமர் 9:5; எபேசியர் 4:12 என வசன எண்களைப் பிரிக்குமிடத்தில் மட்டும் எவரும் தவறுவதில்லை!

ஆதியாகமம் 1:2-ஐப் பழைய திருப்புதலில் காண்க. மூன்று முற்றுக்கள், அவற்றிடையே இரண்டு அரைப்புள்ளிகள். வெறுமையும், இருளும், ஆவியானவரின் அசைவும் ஒரே காட்சியாய் நிற்கின்றன. ஆலயத்தில் வாசிப்போர் ஒவ்வொரு முற்றிலும் குரலைத் தாழ்த்தி முடித்துவிடுகின்றனர். சபையாருக்கு இருளோடு வசனம் முடிந்துவிட்டதாகவே கேட்கின்றது. குரல் தாழாமல் சற்றே நின்று தொடர்வாராயின், ஆவியானவரும் அவ்விருளிலேயே ஜலத்தின்மேல் அசைவாடுவது செவிக்குப் புலனாகும்.