சுவரில் ஒட்டப்படும் காதல்

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. வரவேற்கிறோம். ஆனால் ஆறாம் பிரிவு, மணமக்கள் தந்த அறிவிப்பைப் பதிவு அலுவலகத்திலே பலர் காண ஒட்டச் சொல்கிறது. ஏழாம் பிரிவு, முப்பது நாளுக்குள் எவரும் தடை கூறலாம் என்கிறது. ஓடைப்பட்டியிலே ஒருவனும் ஒருத்தியும் மதம் கடந்து மணக்கத் துணிந்தால், அந்தத் தாள் யாருக்குச் சேதி சொல்லும்? அரிவாள் தேடும் உறவினருக்கன்றோ!

அண்ணா ஆட்சியின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம், புரோகிதரின்றி, முன்னறிவிப்பின்றி, நண்பர்முன் மாலை மாற்றினாலே மணம் என்றது. ஊர்கூட்டி நடத்த வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் உரைத்தது. எனினும் அவ்வுரிமை இந்துச் சட்டத்துக்குட்பட்ட இருவருக்கே. மதம் கடப்போர் செய்த குற்றம் யாது? வயதை ஆராயட்டும், முன்மணம் உண்டா என்று பார்க்கட்டும். அதற்குச் சான்றிதழ் போதும்; சுவர் எதற்கு? அறிவிப்பு ஒட்டும் விதி அகல வேண்டும்!