மண்டையோட்டு வாசல்

லண்டனில் சீதிங் சந்து என்று ஒரு குறுகலான தெரு. அங்கே புனித ஓலவ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைய ஒரு கல் வாசல் இருக்கிறது. 1658-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி என்று அதில் பொறித்திருக்கிறது. மேலே கல்லில் செதுக்கிய மண்டையோடுகள், குறுக்காக வைத்த எலும்புகள். அவற்றுக்கும் மேலே இரும்பு முட்கள்.

இந்த வாசலை ஊரறியச் செய்தவர் டிக்கன்ஸ். 1863-ல் எழுதிய ஒரு கட்டுரையில், 'புனித கோரமூஞ்சியார்' என்று சொல்லத்தக்க ஒரு பரிகாசப் பெயரைச் சூட்டினார். ஒரு தடவை நடுநிசியில், இடியும் மின்னலுமாக இருந்தபோது, வாடகை வண்டி பிடித்துக்கொண்டு போய் இதைப் பார்த்தாராம். மின்னல் வெளிச்சத்தில் மண்டையோடுகள் முள் குத்திய வலியில் பல்லை இளித்துக் கண் சிமிட்டினவாம். இந்த ரசனையை வண்டிக்காரனிடம் சொல்லப்போனால், அவன் முகம் வெளுத்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், ஏறியிருப்பது மனுஷன்தானா என்று பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அந்த வண்டிக்காரனுக்காகவே கட்டுரையை இன்னொரு தரம் படிக்கலாம்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. வாசலில் மண்டையோடு மட்டும் இல்லை. லத்தீன் வாசகம் ஒன்றும் இருக்கிறது. சாவை நஷ்டமாக நினைக்காமல் லாபக் கணக்கில் எழுதிக்கொண்டாரே பவுல், அந்தக் கருத்து. டிக்கன்ஸ் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த வரியைச் சேர்த்துப் படித்தால் மண்டையோடு ஆறுதல் சொல்கிறது. விட்டுவிட்டால் வாசல் சிறைக்கதவாகிவிடுகிறது. கதை எழுதுகிறவர்கள் செய்கிற காரியந்தான். நானும் செய்திருக்கிறேன்.

மண்டையோடுகளைப் பிளேக்கின் ஞாபகச் சின்னம் என்று எண்ணத் தோன்றும். லண்டனின் பெரிய பிளேக் 1665-ல் வந்தது. வாசல் அதற்கு ஏழு வருஷம் மூத்தது. 1666 ஜனவரியில் இந்தக் கோயிலுக்கு வந்த சாமுவேல் பெப்பிஸ், புதைகுழிகள் அத்தனை உயரமாக மேடிட்டுக் கிடப்பதைக் கண்டு பயந்துபோனதாகத் தமது நாட்குறிப்பில் எழுதினார். அவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்ல. அது அவருடைய சொந்தக் கோயில். 1703-ல் அவரையும் அங்கேதான், மனைவியின் பக்கத்தில், அடக்கம் செய்தார்கள். மரண பயத்தைப் பற்றி டிக்கன்ஸின் ஒரு பக்கத்தைவிடப் பெப்பிஸின் அந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்கிறது.

1941-ல் குண்டு விழுந்து தேவாலயம் சிதைந்தது. 1954-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். வாசலை இன்றும் பார்க்கலாம். போகிறவர்கள் டிக்கன்ஸைப் படித்துவிட்டே போகட்டும். அங்கே நின்றதும், அவர் விட்டுவிட்ட வரியையும் படிக்கட்டும்.