மீதியை வெள்ளித்திரையில்

தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பழைய தலைமுறை மறந்திருக்காது. பாடல்களோடு சேர்த்து அதில் ஒரு கதைச்சுருக்கமும் இருக்கும். நாயகிக்கு ஆபத்து, நாயகன் மேல் கொலைப்பழி, பூட்டிய அறைக்குள் யாரோ நடக்கும் சத்தம் என்று சிக்கல் முற்றுகிற இடம்வரை கதை ஓடும். அதற்கப்புறம் ஒரே ஒரு வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க. அந்தச் சுருக்கத்தை எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் கதையை எந்த இடத்தில் நிறுத்தினால் வாசகர் டிக்கெட் கவுண்டருக்குப் போவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய திகில் பட டிரெய்லருக்கும் வேலை அதுதான். கடந்த பதினைந்து வருடங்களில் தமிழில் வந்த திகில் பட டிரெய்லர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: கேமராவால் பயமுறுத்துவதில் நம்மவர்கள் வெகுதூரம் வந்துவிட்டார்கள். எங்கே நிறுத்துவது என்பதில் பாட்டுப் புத்தகக்காரரைவிடப் பின்தங்கிவிட்டார்கள்.

ஒரு திகில் டிரெய்லரை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அதன் எலும்புக்கூடு தெரியும். முதலில் இயல்பு வாழ்க்கை: புது வீட்டுக்குக் குடிவரும் குடும்பம், பகல் வெளிச்சம், அகலமான ஷாட்டுகள். பிறகு சின்னதாக ஒரு பிசகு. கதவு தானாகத் திறக்கும், அல்லது குழந்தை யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசும். அடுத்து விளக்கம் சொல்ல ஒருவர் வருவார், பாதிரியாரோ மந்திரவாதியோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ. கடைசி அரை நிமிடம் ஷாட்டுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும். திரை இருளும், படத்தின் பெயர் வரும். முடிந்தது என்று மூச்சு விடும்போது இன்னும் ஓர் அலறல். உலகம் முழுக்க இதுதான் வடிவம். தேய்ந்த வடிவம் என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. அந்த முதல் அரை நிமிட அமைதி இல்லாவிட்டால் பின்னால் வரும் பிசகு பிசகாகவே தெரியாது. பறிபோவதற்கு ஒரு நிம்மதி இருந்தால்தான் பயம் வரும்.

திடுக்கிடுவது வேறு, திகில் வேறு. இந்த வித்தியாசத்தை எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்தச் சீமையின் சுடலைமாடன் கொடை விழாக்களில் நடுச்சாமத்தில் சாமி மயானத்துக்கு வேட்டைக்குப் போகும். தீப்பந்தத்தோடு சிலர் மட்டும் கூடப் போவார்கள். மற்றவர்கள் கோயிலிலேயே காத்திருப்பார்கள். எதிரே யாரும் போகக்கூடாது, திரும்பி வரும்போது குறுக்கே நிற்கக்கூடாது. மயானத்தில் என்ன நடக்கிறது என்பதைக் காத்திருப்பவர்கள் யாரும் பார்ப்பதில்லை. தூரத்தில் கேட்கிற சத்தமும், அது சட்டென்று நின்றுபோவதும்தான் அவர்களுக்குக் கிடைப்பது. அந்த நேரத்தில் கூட்டத்துக்குள் பரவுகிற பயத்தை எந்த அலறலும் கொண்டுவர முடியாது. சட்டகத்துக்கு வெளியே இருப்பதைக் காதால் மட்டும் தொடவைப்பது என்று ஒளிப்பதிவாளர்கள் விளக்குகிற உத்தியை, சினிமா வருவதற்கு முன்பே இந்த ஊர்கள் வழிபாட்டில் அனுபவித்திருக்கின்றன.

கேமராவுக்கு வருவோம். தமிழ்த் திகில் படத்தின் காட்சிமொழி 2009இல் ஒரு திருப்பம் கண்டது. அந்த ஆண்டில் விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்', அறிவழகனின் 'ஈரம்' என்று இரண்டு படங்கள். முதல் படத்துக்கு ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், இரண்டாவதற்கு மனோஜ் பரமஹம்சா. இரண்டிலுமே கல்லறை, சாம்பிராணிப் புகை, வெள்ளைப் புடவை கிடையாது. 'யாவரும் நலம்' பதின்மூன்றாவது மாடியில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறையையும் அங்கே ஓடும் டி.வி. தொடரையும் பயத்துக்குரியவையாக மாற்றியது. 'ஈரம்' தண்ணீரையே பேயாக்கியது. சாம்பலும் நீலமும் கலந்த மழைநேரத்து நிறத்தில் ஒரு சிவப்புப் பொருள் மட்டும் தெரியும்போது கண் அங்கேயே போய் நிற்கும். இப்படிப்பட்ட படங்கள் டிரெய்லருக்குக் கொடுத்த கொடை பெரியது. தரையில் ஊர்ந்து வரும் நீர், கதவிடுக்கில் கசியும் ஈரம் என்று மூன்று நொடி ஷாட் ஒன்றே முழு மிரட்டலாக நிற்க முடிந்தது. முகம் காட்ட வேண்டியதில்லை, மேக்கப் வேண்டியதில்லை.

அங்கிருந்து வளர்ந்த கைத்திறனை இன்று எந்தத் திகில் டிரெய்லரிலும் காணலாம். ஒருவரைச் சட்டகத்தின் ஓரத்தில் நிறுத்தி மீதி இடத்தை வெறுமையாக விடுவது ஒரு வழி. அந்த வெற்றிடத்தை நம் கண்ணே சந்தேகத்தால் நிரப்பிக்கொள்ளும். மனிதர் அசையாமல் இருக்க கேமரா மட்டும் மிக மெதுவாக நெருங்குவது இன்னொன்று. யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த யாரோவின் கண் வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும். முன்னால் இருப்பவர் தெளிவாகத் தெரிய, பின்னால் தெளிவில்லாமல் ஓர் உருவம் நகர்வதும் உண்டு. கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'வில் (2012) பங்களாவுக்குள் டார்ச் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் உலகம். ஒளிப்பதிவாளர் கோபி அமர்நாத் மற்றதையெல்லாம் இருட்டுக்கே விட்டுவிட்டார். அஸ்வின் சரவணனின் 'மாயா' (2015) கதையின் ஒரு பகுதிக்குக் கறுப்பு வெள்ளைக்குப் போனது. அஜய் ஞானமுத்துவின் 'டிமான்டி காலனி' (2015) நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் அடைத்து, அந்தச் சுவர்களையே கேமராவின் எல்லையாக வைத்துக்கொண்டது. இந்தப் படங்களிலிருந்து எந்த இரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்தாலும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. இது சின்னச் சாதனை இல்லை.

பிறகு ஏன் பெரும்பாலான டிரெய்லர்கள் பார்த்த மறுநிமிடம் மறந்துபோகின்றன? அவை எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. வீடு, பேய், பேய்க்கு நேர்ந்த அநியாயம், அநியாயம் செய்தவன், அவனைப் பேய் பழிவாங்கும் விதம், பூசாரியின் இறுதிப் போராட்டம் என்று படத்தின் மூன்று பகுதிகளையும் வரிசையாக அடுக்கிவிட்டுக் கடைசியில் பேயின் முகத்தையும் காட்டிவிட்டால், மீதி என்று தியேட்டரில் என்ன இருக்கும்? தயாரிப்புத் தரப்பில் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: இன்றைய ரசிகருக்குப் பொறுமை இல்லை, முழுச் சாப்பாட்டையும் இலையில் பார்த்தால்தான் உட்காருவார். இதை நான் ஏற்கவில்லை. 1990களில் நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' தொடருக்காக இதே தமிழ் வீடுகள் வாரக்கணக்கில் காத்திருந்தன. அதிலும் 'விடாது கருப்பு' ஊர்க் காவல்தெய்வத்தை மையமாக வைத்த கதை. குதிரைக் குளம்படிச் சத்தத்தையும் நிழலையும் வைத்துக்கொண்டே அத்தனை வாரங்கள் அது நம்மைக் கட்டிப்போட்டது.

நிறுத்தத் தெரிந்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இரண்டு பழைய உதாரணங்கள். 1960இல் 'சைக்கோ'வுக்காக ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். படத்தின் காட்சிகளைத் தொகுக்காமல், அவரே வழிகாட்டிபோல கதை நடக்கும் விடுதியையும் மேட்டிலிருக்கும் வீட்டையும் சுற்றிக் காட்டுவார். இங்கேதான் நடந்தது என்று ஆரம்பித்து, முக்கியமான இடத்தில் வாக்கியத்தை விழுங்கிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது அலறும் பெண்கூட, படத்தில் அந்தக் காட்சியில் வருபவர் இல்லை. ஜேனட் லீயின் இடத்தில் வேரா மைல்ஸை நிறுத்தியிருந்தார். பாட்டுப் புத்தகக்காரரின் அதே சாமர்த்தியம்தான். ஸ்டான்லி குப்ரிக் 1980இல் வந்த தன் 'தி ஷைனிங்' படத்துக்கு ஒரே ஷாட்டில் டிரெய்லர் வெளியிட்டார். அசையாத கேமரா, இரண்டு லிப்ட் கதவுகள், கீழிருந்து மேலே நகரும் பெயர்கள். ஒரு கதவு திறந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்ந்து நாற்காலிகளை அடித்துக்கொண்டு கேமராவையே மூடும். கதையில் ஒரு வரிகூடச் சொல்லப்படவில்லை. பார்த்தவருக்கு மறக்கவும் வழியில்லை.

நிறுத்தத் தெரிந்தவர்களுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுபவர்களுக்கும் இடையில் நிற்கிறது 2013இல் வந்த 'தி கான்ஜூரிங்'. கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டலைத் தேடிப் போகும் விளையாட்டை அதன் டிரெய்லர் ஒரு சிறுகதைபோலப் பொறுமையாக வளர்த்தது. தாயின் முகத்தருகே இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து தட்டும். ஒரே காட்சியை நம்பிய நிதானம் பாராட்டத் தக்கது. ஆனால் படத்தின் ஆகச் சிறந்த அதிர்ச்சிகளில் ஒன்றை அதே டிரெய்லர் செலவழித்துவிட்டது. தியேட்டரில் அந்தக் காட்சி வரும்போது நாம் கைகளுக்காகக் காத்திருப்போம், பயம் பாதியாகிவிடும். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் எனக்கு நேராக வருவதில்லை. அந்தக் கைகள் இல்லாமல் அந்த டிரெய்லர் அத்தனை பேரை இழுத்திருக்குமா?

ஒலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் குறை வெளிப்படை. நிசப்தத்தை உண்டாக்கி, அதன்மேல் பேரிரைச்சலை இறக்குவது ஒருமுறை செய்தால் உத்தி. இரண்டு நிமிடத்தில் எட்டு முறை செய்தால் காது மரத்துவிடும். யூடியூப் வந்தபின் இன்னொரு கெடுதல் சேர்ந்திருக்கிறது. பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில், சில டிரெய்லர்கள் தொடங்குவதற்கு முன்பே சில நொடிகளுக்கு அவற்றின் அலறல்களையெல்லாம் தொகுத்து ஓட்டிவிடுகிறார்கள். ஆரம்ப அமைதி அப்படியே செத்துவிடுகிறது.

டிரெய்லர் பொய் சொல்லலாமா என்பது நுணுக்கமான கேள்வி. 'பீட்சா' பங்களாப் பேய்ப் படமாகத்தான் நமக்கு விற்கப்பட்டது. படம் முடியும்போது அந்தப் பேய்க்கதையை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் வரும். விளம்பரம் நம்மை ஏமாற்றியது. படமும் அதே வழியில் ஏமாற்றியது. இரண்டும் ஒரே ஆட்டம் என்பதால் ஏமாந்ததில் மகிழ்ச்சி. மிஷ்கினின் 'பிசாசு' (2014) வேறு மாதிரி. தலைப்பும் விளம்பரமும் மிரட்ட, உள்ளே இருந்தது கருணை நிறைந்த ஓர் ஆவியின் கதை. பயத்தை எதிர்பார்த்து வந்தவர்களில் சிலர் ஏமாந்திருக்கலாம். எனக்கு அந்த ஏமாற்றம் படத்தின் பொருளோடு சேர்ந்தது: பேயென்று பயந்தவளை நேசிக்கக் கற்றுக்கொள்ளும் நாயகனின் பாதையில்தான் பார்வையாளரும் நடக்கிறார். படத்தின் பொருளுக்கு உதவாத பொய்யைத்தான் குற்றம் என்பேன். படத்தில் இல்லவே இல்லாத திகிலை இசையாலும் வெட்டாலும் இட்டுக்கட்டும் டிரெய்லர்கள் அந்த வகை.

ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' வரிசை, சுந்தர்.சி.யின் 'அரண்மனை' வரிசை ஆகியவற்றின் டிரெய்லர்களை விமர்சகர்கள் எளிதாகத் தள்ளிவிடுவதும் சரியல்ல. நகைச்சுவை, பாட்டு, பேய், சண்டை எல்லாம் ஒரே மூச்சில் வரும் என்பது உண்மைதான். திகிலுக்கான பொறுமை அங்கே இல்லை. ஆனால் குழந்தை குட்டியோடு வரும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை அவை ஒளிக்காமல் சொல்கின்றன. படத்தில் இருப்பதுதான் டிரெய்லரிலும் இருக்கிறது. இந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண் உண்டு.

நேர்மையைப் பற்றிப் பேசும்போது குழந்தைகளை விட்டுவிட முடியாது. 2018இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத் தியேட்டர் ஒன்றில், 'பீட்டர் ராபிட்' என்ற சிறுவர் படத்துக்கு முன்னால் 'ஹெரிடிட்டரி' என்ற திகில் படத்தின் டிரெய்லர் தவறுதலாக ஓடிவிட்டது. பெற்றோர் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து வருகிறோம். டிரெய்லர் தானாக வந்து மேலே விழுகிறது. நம் நாட்டில் தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். யூடியூபில் வருவதற்கு அந்தத் தடை இல்லை. ஆகவே வீட்டில் அம்மாவின் செல்போனில் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைக்குத் தணிக்கை என்ற அரண் கிடையாது. வயதுவாரியாக யு/ஏ 7+, 13+, 16+ என்று படங்களைப் பிரிக்கும் சட்டத்திருத்தம் 2023இல் வந்தது. படத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியையாவது டிரெய்லருக்கும் காட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அதே செல்போன்தான் கலைக்கும் பெரிய சிக்கலாக இருக்கிறது. சங்கரன்கோவிலில் டிரெய்லர் எங்கே பார்க்கப்படுகிறது? விசைத்தறிக் கூடத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே, பேருந்து நிலையத்தில் மத்தியான வெயிலில், கையளவுத் திரையில். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து அமைத்த இருட்டு அங்கே வெறும் கறுப்புக் கட்டம், அதில் நம் முகம்தான் தெரியும். அடிவயிற்றை அதிரவைக்க இசையமைப்பாளர் சேர்த்த தாழ்ந்த ஒலிகளைச் செல்போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. மெதுவாக நெருங்கும் கேமராவின் நகர்வு சின்னத் திரையில் உணரப்படுவதில்லை. அங்கே எஞ்சுவது அலறலும் திடீர் முகமும் மட்டும். டிரெய்லர்கள் இரைச்சலை நோக்கிச் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், எடிட்டர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை அஸ்வின் சரவணனின் 'கனெக்ட்' (2022) படத்தில் இருந்தது. ஊரடங்கு காலத்தில் வீட்டுக்குள் அடைபட்ட தாயும் மகளும், பேயோட்ட வரும் பாதிரியார் வீடியோ அழைப்பில். பயம் செல்போன், மடிக்கணினித் திரைகள் வழியாகவே வருகிறது. அப்படியொரு படத்தின் துண்டைச் செல்போனில் பார்க்கும்போது கையிலிருக்கும் கருவியும் கதைக்குள்ளிருக்கும் கருவியும் ஒன்றாகிவிடுகின்றன, சின்னத் திரை குறையாகத் தெரிவதில்லை. 99 நிமிடப் படத்தை இடைவேளையே இல்லாமல் எடுத்தவர்களுக்கு எங்கே வெட்டக்கூடாது என்பது தெரிந்திருந்தது. மற்ற படங்களுக்கும் ஒரு வழி உண்டு: தியேட்டருக்கென்று இருட்டையும் நிதானத்தையும் நம்பி ஒரு டிரெய்லர், செல்போனுக்கென்று வெளிச்சமான சட்டகமும் நெருக்கமான குரலும் கொண்ட இன்னொரு டிரெய்லர் என்று இரண்டாக வெட்டுவதற்குச் செலவு அதிகம் ஆகாது. ஒரே எடிட்டர், ஒரே காட்சிகள், கூடுதலாகச் சில நாள் வேலை. ஆறு பாட்டுக்கு ஆறு லிரிக்கல் வீடியோ வெளியிடும் தயாரிப்பாளர்கள் இதையும் செய்து பார்க்கலாம்.