கருணையின் முகமும் கணக்கும்

திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் மனுக்களோடு காத்திருப்பதைக் காண்கிறோம். முதியோர் உதவித்தொகை கேட்டும், பட்டா கேட்டும் வந்தவர்கள், “ஐயா மனது வைக்க வேண்டும்” என்றே பேசுகிறார்கள். உரிமை எப்போது தயவாயிற்று? இவ்வினாவோடு, எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘பிம்பச் சிறை’ எனத் தமிழில் வந்த நூலை வாசித்தோம். எம்.ஜி.ஆரின் வள்ளல் உருவம் வளர்ந்த கதையை ஆராயும் நூல் அது.

திரையில் மீனவராகவும் ரிக்‌ஷாக்காரராகவும் அவர் ஏழைகளுக்காகப் போராடினார். வெளியே, ரிக்‌ஷாத் தொழிலாளருக்கு மழைக்கோட்டு வழங்கினார். நிழலும் நிஜமும் ஒன்றெனத் தோன்றின. 1967 ஜனவரியில் சுடப்பட்டுக் கழுத்தில் கட்டுடன் இருந்த அவரது புகைப்படம் சுவரொட்டியாயிற்று. பரங்கிமலைத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1984 தேர்தலின்போது நியூயார்க் மருத்துவமனையில் இருந்த அவரை வீடியோப் படம் தமிழகமெங்கும் கொண்டுவந்தது. மக்களின் கண்ணீர் மீண்டும் வாக்காயிற்று.

எல்லாம் வேடமா? அல்ல. 1982இல் வந்த சத்துணவுத் திட்டம், காமராசர் காலத்து மதிய உணவை விரிவாக்கி, எண்ணற்ற பிள்ளைகளின் பசி தீர்த்தது. பிம்பம் மக்களைச் சிறைப்படுத்தியது என்கிறார் பாண்டியன். அது தன் தலைவரையும் ஓரளவு கட்டிப்போட்டது என்று நாம் சேர்த்துக்கொள்வோம். வள்ளலெனப் பெயரெடுத்தவர் வெறுங்கையோடு நிற்க முடியாதன்றோ!

ஆயினும், 1981இல் மதுவிலக்குத் தளர்ந்ததும், 1983இல் மது மொத்த வணிகத்துக்கென டாஸ்மாக் தொடங்கியதும் அதே ஆட்சியில்தான். பிள்ளைக்குச் சோறு போனதும் தகப்பனின் கூலி கள்ளுக்கும் சாராயத்துக்கும் போனதும் ஒரே வீட்டில். முன்னதையே படங்கள் காட்டின, பின்னதைக் காட்டவில்லை. பிம்பம் பொய் சொல்ல வேண்டியதில்லை. தேர்ந்து காட்டினால் போதும்.

தருமம் செய்வோர் எக்காளம் ஊதலாகாது என்பது மலைப்பொழிவு தரும் பாடம். அரசோ மறைவாகக் கொடுக்க இயலாது. கொடுப்பது வெளிப்படையாகவே இருக்க வேண்டும். வெளிப்பட வேண்டியது கொடுப்பவர் முகமன்று, கணக்கு. சொந்தப் பணத்தில் மழைக்கோட்டு தந்தவர் வள்ளல்; வரிப்பணத்தில் சோறிட்டவர் பொறுப்பாளர். இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்டிய ஊடகத்தைக் குறைசொல்லும் நாம், ஆலய மின்விசிறியிலும் ‘உபயம்’ எழுதுகிறவர்கள் என்பதை மறக்கலாகாது.

வேங்கிக்காலில் மனுவோடு நிற்கும் மூதாட்டி, யாருடைய மனதையும் கேட்காமல் தமக்குரியதைக் கேட்கும் நாள் வர வேண்டும்.