கீழாநெல்லியும் எலியின் கல்லீரலும்

மஞ்சள் காமாலைன்னா கீழாநெல்லி. நம்ம ஊரில் இதற்கு மறுபேச்சு கிடையாது. "ஆராய்ச்சியிலயே நிரூபிச்சுட்டாங்க" என்றும் சொல்கிறார்கள். சரி, அந்த ஆய்வுகளைப் பிரித்துப் பார்ப்போம்.

பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. எலிகளுக்குச் சில நாள் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற ரசாயனம். ஓரிரு நாளில் ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவு பார்ப்பார்கள். கல்லீரல் செல்கள் சிதைந்தால் இந்த நொதிகள் ரத்தத்தில் கசியும். சாறு குடித்த எலிகளில் அளவு குறைவாக இருக்கும். உடனே முடிவு: "கல்லீரலைக் காக்கிறது."

எனக்கு இடிக்கிற முதல் விஷயம், வரிசை. மருந்து முதலில், விஷம் பிறகு. நோயாளி யாராவது இந்த வரிசையில் வருவாரா? கண் மஞ்சளான பிறகுதானே மருந்தைத் தேடுகிறோம்!

இரண்டாவது, அந்த ரசாயனம் வேலை செய்யும் விதம். கல்லீரலில் உள்ள சிஒய்பி2இ1 என்ற நொதி அதை உடைக்கும்போது பிறக்கும் டிரைகுளோரோமீத்தைல் என்ற தனியுறுப்புதான் செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கிறது. முன்கூட்டியே கொடுத்த சாறு அந்த நொதியை மந்தமாக்கினாலே போதும், சேதம் குறையும். அது பழுதான கல்லீரலைச் சரிசெய்ததாக ஆகாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கதையோ வேறு. அங்கே செல்களைத் தாக்குவது பெரும்பாலும் நம் நோய் எதிர்ப்புப் படையே.

மனிதர்களிடம் சோதிக்கவே இல்லையா? சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு சென்னையில் 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்த ஆய்வு 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் மறைந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கே. பெரிய நம்பிக்கைதான். ஆனால் 1990-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பகிரப்படும் பதிவுகளில் முதல் ஆய்வு மட்டும் இருக்கும்.

கீழாநெல்லி வீண் என்று சொல்ல வரவில்லை. விஷம் கொடுத்துச் சில மணி நேரம் கழித்துச் சாறு கொடுத்துப் பாருங்கள், அப்போதும் கல்லீரல் தேறினால் பேசலாம் என்கிறேன். ஏன்னா, பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனவருக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் பலன் அதிகம். அந்த நேரத்தை, எலி ஆய்வை நம்பி, அம்மியில் அரைத்துக் கழிக்கக் கூடாது.