திரும்பி வரும் மங்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் மங்கு என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. பால்மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருப்பதும் மங்கு. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு போவதும் மங்கில்தான். என் மனசு ஒட்டியிருப்பது இரண்டாவதில்.

நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் மங்கு. விளிம்பு பெயர்ந்து கறுத்திருக்கும். அடியில் ஆணியால் ஓர் எழுத்து கீறியிருப்பார்கள், லயத்து வீடுகளில் எல்லா மங்கும் ஒரே மாதிரி என்பதால். "அத்தை, அம்மா குடுத்துவிட்டாங்க" என்று வாசலில் பிள்ளை நிற்கும், சூடு தாங்காமல் பாவாடை நுனியால் பிடித்தபடி.

அந்த மங்கு வெறுமனே திரும்பாது. ஒரு பிடி முருங்கைக்கீரை, நாலு பச்சை மிளகாய், ஒன்றுமே இல்லையென்றால் கொஞ்சம் சீனி.

விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போன சனம் இது. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. அடைமழை என்றால் அந்த மாதச் சம்பளம் மெலியும். அப்படிப்பட்ட வாரங்களில்தான் மங்கு அதிகம் நடமாடும். யாரையும் கேட்க வைக்காது. அதுதான் அதன் அழகு.

தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், அவற்றை வாங்கவென்று ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டியவர்களும் தோட்டத்து மக்கள்தான். கொடுத்துப் பழகிய கைகள்.

இன்று பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை. பலர் சிரம்பான் பக்கம் தாமான் எனும் குடியிருப்புகளின் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு முதல்நாள் அங்கே வேலிக்கு மேலே பலகாரத்தோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா நீள்கிறது. மறுநாள் முறுக்கோடு திரும்பி வருகிறது.